வலி இறங்குகிறதா, ஏறுகிறதா? மூட்டு மாற்று நோயாளியையும் புற்றுநோயாளியையும் முதன்முதலாகக் கவனிப்பவர்களுக்கு

எலும்பு வார்டில் சில வருடம், அப்புறம் புற்றுநோயாளிகளின் வலி தணிப்புப் பிரிவில் பல வருடம் என்று நர்ஸ் வேலை பார்த்திருக்கிறேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கூட இருப்பவர் கேட்கும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: "வலிச்சா என்ன பண்றது?" கேள்வி ஒன்று என்றாலும் பதில் வேறு. மூட்டு மாற்றியவரின் வலி நாளுக்கு நாள் இறங்கவேண்டிய வலி. இறங்கிக்கொண்டிருந்தது திடீரென ஏறினால் உள்ளே ஏதோ கோளாறு என்று பொருள். புற்றுநோய் வலி நோயோடு சேர்ந்து ஏறக்கூடியது. அது ஏறினால் மருந்தும் ஏறவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் ஒரு புண்ணியமும் இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் எழுதுவார். அவர் எழுதியதை வீட்டில் எப்படிக் கொடுப்பது, எதைப் பார்த்து அவரைக் கூப்பிடுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். ராத்திரி நீங்கள் தூங்கும்போது வேறு யாராவது மாத்திரை கொடுப்பார்கள். உங்கள் போன் அவர்களிடம் இருக்காது. நோட்டுதான் சரி.

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்லுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வலி. சும்மா படுத்திருக்கும்போது ஒரு எண், அசையும்போது ஒரு எண் என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "காலை 6.10. இடது முழங்கால் உள்பக்கம். படுத்தால் 4, நடந்தால் 7. மாத்திரை கொடுத்தேன். 7.15க்கு நடந்தால் 4. வெளிக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது." மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எழுதும் அந்த இரண்டாவது எண்தான் டாக்டருக்கு முக்கியம். அதை எழுதத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வயதானவர்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் பலரும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார்கள். "புரண்டு படுக்க முடியுதா? ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும். பேச முடியாதவர் என்றால் முகத்தைப் பாருங்கள்: நெற்றிச் சுருக்கம், இறுகிய தாடை, முனகல், தொட்டால் கையைத் தட்டிவிடுவது. இதுவும் கணக்கில் வரும்.

மூட்டு மாற்று: முதல் வாரம்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவுடன் நோயாளி சிரித்துப் பேசுவார். "வலியே இல்லை" என்பார். நம்பி ஏமாறாதீர்கள். நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் அதன் வேகம் குறையும்போது, பெரும்பாலும் நடுராத்திரியில், வலி மொத்தமாக வந்து இறங்கும். அது வந்த பிறகு மாத்திரை தேடுவதைவிட, வருவதற்கு முன்பே எழுதிக்கொடுத்த நேரத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். அந்த நாட்களில் "வலிச்சா பார்த்துக்கலாம்" என்று எந்த வேளையையும் தவறவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதில்லை. வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அடித்தளம் பாராசிட்டமால். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம்: 500 மி.கி. மாத்திரை என்றால் எட்டு, 650 மி.கி. என்றால் ஆறு. உடல் மெலிந்தவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் இதைவிடக் குறைவு. ஆபத்து எங்கே என்றால், சளி மாத்திரையிலும் கூட்டு வலிமாத்திரையிலும் பாராசிட்டமால் மறைந்திருக்கும். அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை. வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றில் புண் இருந்தவர், சிறுநீரகம் பலவீனமானவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் இவர்களுக்கெல்லாம் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. மூட்டு மாற்றியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் அந்த உறையா மருந்து எடுப்பவர்கள்தான். "வீட்டில் பழைய மாத்திரை இருக்கிறதே" என்று எடுத்து நீட்டாதீர்கள். டிராமடால் போன்ற ஓபியாய்டு (மார்ஃபின் இனத்து) மருந்து எழுதியிருந்தால் அது சில நாளைக்குத்தான். தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வரும். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக விடாதீர்கள். புது மூட்டோடு விழுவதைப் போன்ற கேடு வேறில்லை.

ஐஸ் பையைத் துணி சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள், ஒரு நாளில் பல தடவை. மரத்துப்போன காலில் வைக்கும்போது தோலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுட்டாலும் குளிர்ந்தாலும் அவருக்குத் தெரியாது.

இப்போது ஒரு தலையணைக் கதை. முழங்கால் மாற்றிய ஒரு பாட்டியை ஒன்பதாம் நாள் பார்க்கப் போனேன். மகள் அன்பாக, முழங்காலுக்கு அடியில் பஞ்சுத் தலையணையை மடித்து வைத்திருந்தார். பாட்டிக்கு அது சுகமாக இருந்தது, வலி 2 என்றார். தலையணையை எடுத்துவிட்டுக் காலைக் கட்டிலில் படிய நீட்டச் சொன்னேன். முழங்காலுக்கும் படுக்கைக்கும் நடுவே என் கை முழுசாக நுழைந்தது. ஒன்பது நாள் மடங்கியே கிடந்த கால் நீட்ட மறந்துவிட்டது. அதை நீட்ட வைக்க அடுத்த மூன்று வாரம் பாட்டி பட்ட பாடு, அந்த ஒன்பது நாள் சுகத்தைவிட எத்தனையோ மடங்கு. தலையணை வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானாக நீளும்.

பிசியோ வருவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு முன் வலிமாத்திரை கொடுத்துவிடுங்கள். வலிக்கிறது என்று பயிற்சியைத் தள்ளிப்போட்டால் மூட்டு இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். முழங்கால் சுமார் ஆறு வாரத்துக்குள் 90 டிகிரி மடங்கவில்லை என்றால் சர்ஜனிடம் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது, ஆனால் அதைக் காலம் கடத்தாமல் செய்தால்தான் பலன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் இரத்தம் தேங்காது.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்குப் பயப்பட வேண்டும்

கணுக்கால் வரை இறங்கும் நீலக் கன்றலைப் பார்த்து அலறாதீர்கள், அது வடிந்துவிடும். முழங்கால் தொட்டால் சூடாக இருப்பது சில மாதம் நீடிக்கும். தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு இடம் மரத்திருக்கும். தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபட்டதால் வருவது, தீங்கில்லாதது. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று தட்டுவது. இரவு வலி சில வாரம் தொடரும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இணையத்தில் தேடாதீர்கள்.

பயப்பட வேண்டியவை வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, அழுத்தினால் வலித்தால் உள்ளே இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, சளியில் இரத்தம் என்றால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். உறையா மருந்தை எழுதிய நாள் வரை முடிப்பது இதற்காகத்தான். இடுப்பு மாற்றியவர்களுக்குச் சில சமயம் 35 நாள் வரை கொடுப்பார்கள். "நல்லா நடக்கிறாரே" என்று பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தையலிலிருந்து ஒரு வாரம் தாண்டியும் கசிந்தால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், இறங்கிய வலி காய்ச்சலோடு மறுபடி ஏறினால் கிருமித்தொற்றைச் சந்தேகியுங்கள். இதில் செய்யக்கூடாத ஒன்று, பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது. உலோகத்தின் மேல் கிருமிகள் பாசிபோலப் படலம் கட்டிக்கொள்ளும். மாத்திரை அதை அழிக்காது. ஆனால் மூட்டுநீரை எடுத்துச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்று தெரியாமல் மறைத்துவிடும். முதலில் நீர் எடுக்கட்டும், மருந்து அப்புறம்.

இடுப்பு மூட்டு மாற்றியவர் திடீரென்று அலறி, கால் குட்டையாகி, பாதம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கிறது. நீங்கள் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அசைக்காமல் கொண்டுபோங்கள். இதைத் தவிர்க்கத்தான் தாழ்ந்த இருக்கை வேண்டாம், கால்மேல் கால் வேண்டாம், குனிந்து தரையில் கிடப்பதை எடுக்க வேண்டாம் என்று முதல் சில வாரத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பாதத்தை மேலே தூக்கவே முடியவில்லை என்றாலும் உடனே தெரிவியுங்கள், நரம்பு அழுந்தியிருக்கலாம்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்கால் மாற்றியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் கழித்தும் ஓரளவு வலி மிஞ்சுகிறது. அது அவர் பிடிவாதமோ கற்பனையோ இல்லை. எக்ஸ்ரேயில் மூட்டு அழகாக உட்கார்ந்திருந்தாலும், இடுப்பிலிருந்தோ முதுகெலும்பிலிருந்தோ இறங்கும் வலியாக இருக்கலாம், நரம்பு வலியாக இருக்கலாம். வருடங்கள் நன்றாக இருந்த மூட்டு, எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது மட்டும் வலிக்க ஆரம்பித்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

புற்றுநோய் வலி: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு முறையை வெளியிட்டது. அதன் சாரம் எளிது: முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரப்படி, ஆளுக்குத் தகுந்தபடி. அதற்கும் முன்பே லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் இதைச் செய்து காட்டினார். அவர் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், கடைசியில் டாக்டர். (நர்ஸ் என்பதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன்.) 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தில், நோயாளி வலியில் கெஞ்சும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு மருந்து கொடுத்தார்கள். உடம்பு வலியோடு பயம், கடன், மனக்குறை எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னவரும் அவர்தான்.

கடிகாரப்படி என்றால், நோயாளி தூங்கினாலும் வலி இல்லை என்றாலும் அந்த வேளைக்குக் கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் அரை மணியில் வேலையைத் தொடங்கும், நாலு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை 12 மணி நேரம் நிற்கும். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் வேறு வகை கேளுங்கள்.

கடிகார மருந்தையும் மீறி இடையில் வலி குத்தும். அதற்கென்று தனியாக ஒரு அவசர வேளை எழுதித் தருவார்கள். அதைக் கொடுத்தால் நோட்டில் குறியுங்கள். ஒரு நாளில் மூன்று நாலு தடவைக்கு மேல் தேவைப்படுகிறதா? அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள், டாக்டரைக் கூப்பிடுங்கள். குளிப்பாட்டும்போதும் புண் கட்டும்போதும் வலி வரும் என்று தெரிந்தால் அரை மணி முன்னதாகவே அந்த வேளையைக் கொடுத்துவிடலாம்.

மார்ஃபின் என்றதும் வீட்டில் ஒரு அமைதி விழும். "கடைசிக் கட்டமா?" என்று வாசலில் வைத்துக் கேட்பார்கள். இல்லை. வலி அதிகம் என்பதால்தான் மார்ஃபின். எத்தனை நாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலி குறைந்தால் அளவைப் படிப்படியாகக் குறைக்கவும் முடியும். எங்கள் பிரிவில் ஒருவர் கொடுத்த மாத்திரைகளில் பாதியைத் தீப்பெட்டியில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். படுக்கை மாற்றும்போது கீழே விழுந்தது, எண்ணினால் பதினேழு. ஏன் என்று கேட்டேன். "இப்பவே தின்னுட்டா, நெஜமா வலி வரும்போது கேக்காதே சிஸ்டர்" என்றார். அவருடைய எண் அன்றைக்கு 8. நிஜமான வலி அதுதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மார்ஃபினுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பு கிடையாது, பிற்பாடு அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விளக்கிய பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் எண் 3. அடிமையாகிவிடுவாரோ என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காக எடுப்பவரிடம் அது அரிது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு திணறும், அதனால் தானாக நிறுத்தக்கூடாது.

பக்கவிளைவுகளில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபின் இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஆகவே மலமிளக்கி முதல் நாளிலிருந்தே தினமும் வேண்டும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் தெரிவியுங்கள். கீமோ எடுப்பவருக்கு நீங்களாக எனிமா கொடுக்காதீர்கள். இரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும் சமயத்தில் ஆசனவாயில் சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல்.

முதல் இரண்டு மூன்று நாள் நிறையத் தூங்குவார். பல நாள் பட்ட தூக்கக் கடன் அது. தட்டினால் எழுந்து பேசுகிறாரா? சரி, தூங்கட்டும். எழுப்பவே முடியவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் கீழே, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறது என்றால் மருந்து அதிகமாகிவிட்டது, ஆம்புலன்ஸ். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலும் சொல்லுங்கள், சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் தேக்கியிருக்கலாம்.

ஃபென்டனில் பேட்ச் என்பது தோலில் ஒட்டும் வகை. பெரும்பாலும் 72 மணிக்கு ஒருமுறை, வேறு இடத்தில் புதிதாக ஒட்டவேண்டும். முதல் பேட்ச் முழுதாக வேலை செய்ய அரை நாளுக்கு மேலாகும். அதுவரை மாத்திரையை எப்படித் தொடர்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, சூடு பட்டால் மருந்து அதிகம் இறங்கும், காய்ச்சலிலும் அப்படியே. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்றுங்கள். பழைய பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும்.

"எரியுது, கரண்ட் அடிக்குது, ஊசி குத்துது" என்று நோயாளி சொன்னால் அதே சொல்லை நோட்டில் எழுதுங்கள். அது நரம்பு வலி. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மனநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை என்று கூகுள் சொல்வதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்; நரம்பு வலிக்கும் அவை கேட்கும், சில நாள் பிடிக்கும். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்குப் பல சமயம் ஒரே ஒரு வேளை ரேடியேஷன் போதும். அது கொடுத்த முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், பலன் சில வாரத்தில் தெரியும். எலும்பை உறுதிப்படுத்தும் ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவை

கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசரம். கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரத்துக்குள் வருவது இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர் வையுங்கள், எண்ணைக் குறியுங்கள், கிளம்புங்கள். காய்ச்சலை அமுக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் சிலரை நாங்கள் காலையில் ஐசியூவில் பார்த்தோம்.

முதுகில் புதுவலி, பட்டை கட்டியதுபோல் நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி வலி, படுத்தாலும் இருமினாலும் கூடுகிறது, கால் தள்ளாடுகிறது, சிறுநீர் போகவில்லை அல்லது தெரியாமல் போகிறது என்றால் தண்டுவடம் அழுந்துகிறது. மணிக்கணக்கு இங்கே முக்கியம்; நடக்க முடிகிற நிலையில் வருபவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார், கால் செயலிழந்த பிறகு வருபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. தீராத தாகம், மலச்சிக்கல், உளறல், மந்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். கால் வீக்கம், மூச்சுத்திணறல் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்; புற்றுநோயே இரத்தத்தை உறையவைக்கும் நோய்.

இரண்டும் ஒருவருக்கே என்றால்

பழைய மூட்டு மாற்று உள்ளவருக்குப் புற்றுநோய் வருவதும், எலும்புப் புற்றுக்காகவே மூட்டு மாற்றுவதும் உண்டு. அப்போது கீமோ டாக்டரிடம் உடம்பில் உலோக மூட்டு இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்த நாளில் இரத்தத்தில் சேரும் கிருமி அந்த உலோகத்தில் போய்க் குடியேறலாம். கீமோவால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் உறையா மருந்தும் டைக்ளோஃபெனாக் வகையும் இரத்தக் கசிவில் முடியலாம். எலும்பு டாக்டர் எழுதிய சீட்டைக் கீமோ டாக்டரும், அவர் எழுதியதை இவரும் பார்க்கவேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். மாற்றிய இடுப்பிலேயே புது வலி வந்தால், மூட்டு தளர்வு என்று எண்ணி விட்டுவிடாமல் பக்கத்து எலும்பில் நோய் பரவியிருக்கிறதா என்றும் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டருக்குப் போன் செய்யும்போது "ரொம்ப வலிக்குது" என்று தொடங்காதீர்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் சொல்லுங்கள்: என்ன ஆபரேஷன் அல்லது என்ன புற்று, கடைசிக் கீமோ எந்தத் தேதி, வலி எங்கே, நேற்று எத்தனை இன்று எத்தனை, கடைசி மாத்திரை எது எத்தனை மணிக்கு, காய்ச்சல் எவ்வளவு, வெளிக்குப் போனது எப்போது. கிளம்பச் சொன்னால் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆபரேஷன் முடிந்து கொடுத்த மூட்டு விவர அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை வலிமருந்தை மட்டும் உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.